எல்லார்க்கும் ஒவ்வொன்று எளிது: இயல்திறனும் மனநிறைவும்

ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல்களில் ஒரு வெண்பா உண்டு. தூக்கணாங்குருவியின் கூடு, பூச்சி தரும் அரக்கு, கரையான் எழுப்பும் புற்று, தேனீயின் அடை, சிலந்தியின் வலை ஆகியவற்றை வரிசையாகச் சொல்லி, இவை யாவருக்கும் செய்ய அரியவை, ஆகவே ‘யாம் பெரிதும் வல்லோம்’ என்று ஒருவரும் வலிமை பேச வேண்டாம் என்று அறிவுறுத்தி, ‘எல்லார்க்கும் ஒவ்வொன்று எளிது’ என்று அது முடிகிறது. செருக்கை அடக்கப் பாடிய பாட்டு என்றுதான் நாங்கள் பள்ளியில் படித்தோம். பிறகு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளைப் பார்த்த பின், அதன் கடைசி அடி எனக்கு வேறொரு பொருளையும் தந்தது. இயல்திறன் என்ற கருத்தை இதைவிடச் சுருக்கமாக விளக்கிய ஓர் அடியை நான் கண்டதில்லை.

அந்த வெண்பாவில் ‘அரிது’, ‘எளிது’ என்னும் இரு சொற்களும் ஒரே செயலைக் குறிக்கின்றன. கூடு கட்டுவது நமக்கு அரிது, குருவிக்கு எளிது. இயல்திறன் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான். பலர் திணறும் ஒரு வேலை ஒருவருக்கு மட்டும் சட்டெனப் பிடிபட்டு, சொல்லிக்கொடுத்ததைவிட ஒரு படி மேலாகக் கைவருமானால், அது அவருடைய இயல்திறன். பாடுவதும் வரைவதும் ஓடுவதும் மட்டும் இதில் அடங்குவன என்று எண்ணிவிடக் கூடாது. சண்டையிட்ட இருவரை ஒரே திண்ணையில் உட்கார வைப்பது, அழும் குழந்தையின் தேவையை அறிந்துகொள்வது, ஒரு பெரிய வேலையை எங்கே தொடங்க வேண்டும் என்று பார்த்தவுடனே உணர்வது ஆகியவையும் இயல்திறன்களே. இவற்றுக்குப் பரிசுக் கோப்பையோ மதிப்பெண்ணோ கிடையாது என்பதால் நாம் பெயர் வைத்து அழைப்பதில்லை. பெயர் இல்லாத காரணத்தால் இருப்பதும் தெரிவதில்லை.

தெரியாமல் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதை எனக்குக் கற்பித்தவள் பிளஸ் ஒன் படித்த ஒரு மாணவி.

அன்று பள்ளியில் ஆண்டு விழா. ஏறத்தாழ அறுநூறு பிள்ளைகளுக்குப் புளிச்சாதப் பொட்டலமும் தயிர்ச்சாதப் பொட்டலமும் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரே மேசைமுன் கூட்டம் நெருக்கியடித்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பின்னால் நின்று அழத் தொடங்கினார்கள். ஆசிரியர்கள் நாங்கள் குரல் கம்மும்வரை கத்தியும் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண் இரண்டு பெஞ்சுகளை இழுத்துப் போட்டு வழியைப் பிரித்தாள். சின்னப் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்காரச் சொல்லி, பொட்டலங்களைக் கூடையில் அங்கேயே அனுப்பினாள். கடைசியாக, மேசையை ஒட்டி இருந்த தண்ணீர் டிரம்மை இருவரைக் கொண்டு மைதானத்தின் மறுகோடிக்கு நகர்த்தினாள். கால் மணி நேரத்தில் கூட்டம் கரைந்தது. எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “இதுல என்ன சார் இருக்கு? வாங்கினவங்க எல்லாம் தண்ணிக்காக அங்கேயே நிக்கிறாங்க. தண்ணி அந்தப் பக்கம் போனா ஆளும் அந்தப் பக்கம் போயிடப் போறாங்க” என்றாள்.

அவளுடைய கணக்குப்பதிவியல் ஏட்டில், பற்றும் வரவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் இருப்பாய்வு ஒரு முறைகூட இருபுறமும் சமமானதில்லை. பெற்றோர் கூட்டத்தில் அவள் அம்மா, “படிப்பு ஏறல சார், ஊர் வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கிட்டுச் செய்யறா” என்று வருந்தினார். ஆண்டு விழாவில் ஆறு ஆசிரியர்களால் ஆகாததைச் செய்தது அந்த ‘ஊர் வேலை’ செய்யும் கைதான் என்பது அம்மாவுக்கும் தெரியவில்லை, மகளுக்கும் தெரியவில்லை.

‘இதில் என்ன இருக்கிறது?’ என்ற அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு பலர் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். இயல்திறன் உடையவர் அதை வருத்தமின்றிச் செய்வதால், அது எல்லாருக்கும் அப்படித்தான் வரும் என்று நம்புகிறார். தான் பட்டபாட்டைக் கொண்டே நாம் எதையும் மதிக்கப் பழகியிருக்கிறோம். பாடுபடாமல் வந்ததை மதிக்கத் தெரிவதில்லை. நம் பேச்சு வழக்கும் இதற்குத் துணைபோகிறது. ஒரு பெண் நட்ட செடியெல்லாம் துளிர்த்தால் ‘கைராசி’ என்கிறோம். மண்ணின் ஈரத்தைத் தொட்டே அறிவதும், எந்தக் கணுவில் பதியன் போட வேண்டும் என்று பார்த்த மாத்திரத்தில் தேர்வதும் ராசி என்ற ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகின்றன. நம் வீட்டுப் பெண்களின் திறன்களில் எத்தனை இப்படி ராசியாகவும் பொறுமையாகவும் கைமணமாகவும் பெயர் மாறிக் கிடக்கின்றன என்று எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

இங்கே மூன்று சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். நாட்டம் என்பது ஒன்றை நோக்கி மனம் சாய்வது. இயல்திறன் என்பது ஒன்று எளிதில் கைவருவது. தேர்ச்சி என்பது பயிற்சியால் அடைவது. மூன்றும் ஒரே இடத்தில் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இசையில் தீராத நாட்டம் கொண்டு சுருதி சேராதவர்கள் உண்டு. கணக்கு மின்னல்போல் வந்தும் அதில் சலிப்பு அடைபவர்கள் உண்டு.

இயல்திறன் இருந்தால் பயிற்சி வேண்டாம் என்ற எண்ணம் தவறு. அதற்கு வெண்பாவில் வரும் குருவியே சாட்சி. தூக்கணாங்குருவி இனத்தில் கூடு கட்டுவது ஆண் பறவை. புல்லையும் ஓலைக் கீற்றையும் நீள நீளமாகக் கிழித்துக் கொண்டுவந்து, முடிச்சிட்டு, கோத்துப் பின்னுகிறது. ஒரு கூட்டுக்காக நூற்றுக்கணக்கான முறை பறந்து போய்வருகிறது. முடிய ஏறத்தாழ பதினெட்டு நாள் ஆகிறது. தலைகீழாகக் கவிழ்த்த தொப்பியைப்போல் பாதிக் கூடு தொங்கும்போது பெண் பறவை வந்து பார்க்கிறது. அதற்குப் பிடித்தால்தான் மீதி வேலை நடக்கும், பிடிக்காவிட்டால் அந்தப் பாதிக் கூடு அப்படியே கைவிடப்படும். நெசவுக் குருவி இனங்களை ஆராய்ந்தவர்கள், இளம் ஆண் பறவைகள் முதலில் பின்னுபவை கோணலும் தொய்வுமாக இருப்பதையும், பின்னிப் பின்னியே அவை தேறுவதையும் கண்டிருக்கிறார்கள். பின்னும் உந்துதல் பிறவியில் வருகிறது. நல்ல கூடு பழக்கத்தில் வருகிறது. ‘சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்’ என்ற பாட்டும் ஔவையார் பெயரால் வழங்குவதுதான். இரண்டு பாட்டையும் சேர்த்துப் படித்தால்தான் கருத்து முழுமை பெறுகிறது.

மனிதரில் இதற்கு நாம் நன்கறிந்த எடுத்துக்காட்டு சீனிவாச இராமானுஜன். பலமுறை சொல்லப்பட்ட கதை என்றாலும், மேதை என்று கைகூப்பிவிட்டு நகர்ந்துவிடுவதால் அதில் கற்க வேண்டியது பலருக்குத் தப்பிவிடுகிறது. 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், டவுன் உயர்நிலைப் பள்ளியில் பரிசுகள் வாங்கிய மாணவர். பள்ளி முடிக்கும் பருவத்தில், ஆயிரக்கணக்கான தேற்றங்களைப் பெரும்பாலும் முழு நிரூபணம் இல்லாமல் அடுக்கிய ஒரு தொகுப்பு நூல் அவர் கைக்குக் கிடைத்தது. மற்றவருக்கு அது தேர்வுக் கையேடு. அவருக்கோ ஒவ்வொரு வரியும் தாமே நிறுவிப் பார்க்க வேண்டிய புதிர். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செலுத்தாமல் மற்றப் பாடங்களில் தோற்று அந்த உதவித்தொகையை இழந்தார். சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வைத் தாண்ட முடியவில்லை. பட்டம் இல்லை, வருவாய் இல்லை, 1909-ல் திருமணமும் ஆகிவிட்டது.

அந்த ஆண்டுகளில் அவர் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். தாள் வாங்கக் காசு போதாது; துணியை எடுத்து அழிப்பதற்குள் அடுத்த வரி மனத்தில் வந்து நின்றுவிடும். முழங்கை கறுத்துப்போன அந்த இளைஞரின் உருவத்தில் நாம் தேடும் மனநிறைவு முழுவதும் இருக்கிறது என்பது என் எண்ணம். அப்போது அவரைப் புகழ யாரும் இல்லை. கேம்பிரிட்ஜின் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் கடிதம் எழுதியது 1913 ஜனவரியில்தான். இங்கிலாந்தின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனது 1918-ல்தான். புகழ் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தச் சிலேட்டு அவருக்குப் போதுமானதாக இருந்தது.

போதுமானதாக இருந்தது என்று சொன்னாலும், சிலேட்டு சோறு போடவில்லை. அதற்காக அவர் 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணக்கில் ஈடுபாடு உள்ளவர். வேலை முடிந்த பின் இருவரும் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்தார்கள். அதற்கு முன்பே இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. இராமசாமி ஐயரும், நெல்லூர் ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவும் அவருடைய நோட்டுகளைப் புரட்டிப் பார்த்து வழிசெய்தவர்கள். இயல்திறன் தனியாகக் கரையேறுவதில்லை. அதை அடையாளம் காணும் ஒரு கண், வயிற்றுக்கு ஒரு வேலை, உடன் உட்கார ஓர் ஆள் ஆகிய மூன்றும் தேவைப்படுகின்றன. கல்லூரிகள் தவறவிட்டதைத் துறைமுக அலுவலகம் கொடுத்தது. பிடித்த வேலை கிடைக்கும்வரை எந்த வேலையிலும் சேர மாட்டேன் என்று சொல்லும் இளைஞர்களிடம் நான் இந்த 30 ரூபாய் வேலையைப் பற்றித்தான் பேசுவேன்.

சரி, தன் இயல்திறனில் உழைப்பவருக்கு நிறைவு ஏன் வருகிறது? ஹங்கேரிய மரபினரான அமெரிக்க உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 1970-களில் ஓவியர்கள், சதுரங்க ஆட்டக்காரர்கள், பாறை ஏறுபவர்கள், அறுவை மருத்துவர்கள் எனப் பலரிடம், வேலையில் அவர்கள் தம்மை மறக்கும் நேரம் எப்படி இருக்கிறது என்று கேட்டறிந்தார். வேலையின் கடினமும் செய்பவரின் திறனும் ஏறக்குறைய ஒத்துப்போகும்போது மனம் அதில் லயித்துவிடுகிறது. நேரம் போவதே தெரிவதில்லை. வேலை மிகக் கடினமானால் பதற்றம் வரும், மிக எளிதானால் சலிப்பு வரும். நாம் மேலே பார்த்த ‘எளிது’ என்ற சொல்லுக்கு இங்கே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. தொடக்கம் எளிதாக இருப்பதுதான் இயல்திறனின் அடையாளம். நிறைவு கிடைப்பதோ அந்தத் திறனுக்கு அரிதான வேலையைக் கொடுக்கும்போது. இராமானுஜனுக்குப் பள்ளிக் கணக்கு எளிது. அவர் அங்கேயே நின்றிருந்தால் சலித்திருப்பார். வகுப்பில் முதலாக வந்துகொண்டிருந்த பிள்ளை திடீரென்று ஆர்வம் இழப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். அப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியது இன்னும் கொஞ்சம் கடினமான வேலை.

உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் உருவாக்கிய இன்னொரு கோட்பாடு, மனிதருக்கு மூன்று அடிப்படைத் தேவைகள் உண்டு என்கிறது: தன் விருப்பப்படி செயல்படுவது, ஒன்றில் வல்லமை பெறுவது, பிறரோடு பிணைந்திருப்பது. இதைக் கொண்டு ஒரு பொதுவான துயரத்தை விளக்கலாம். நல்ல குரல்வளம் உள்ள பெண்ணை, பெற்றோர் போட்டிக்குப் போட்டி அழைத்துச் சென்று பரிசு வாங்க வைக்கிறார்கள். பதினாறு வயதில் அவள் பாட்டையே வெறுக்கிறாள். அவளுக்கு வல்லமை இருந்தது, விருப்பம் பறிபோயிருந்தது. திறன் இருப்பதைக் கண்டவுடன் அதைக் குடும்பத்தின் சொத்தாக எண்ணிவிடுவது பாசத்தால் வரும் தவறுதான் என்றாலும் தவறுதான்.

2018-ல் ஓகீஃப், டுவெக், வால்டன் ஆகிய உளவியலாளர் மூவர் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இங்கே பொருந்துகிறது. ஆர்வம் என்பது தோண்டி எடுக்கப்படக் காத்திருக்கும் புதையல் என்று நம்புபவர்கள், அந்த வேலை கடினமானவுடன் ‘இது என்னுடையது இல்லைபோலும்’ என்று எளிதில் கைவிட்டார்கள்; ஆர்வம் வளர்த்தெடுக்கப்படுவது என்று நம்புபவர்கள் கூடுதலாக நிலைத்து நின்றார்கள்.

பிறவியில் வருவது என்ற சொல்லைப் பயன்படுத்தும்போது தமிழ்நாட்டில் ஒருவர் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். 1953-ல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் ஒரு பாதி நேரம் பள்ளியிலும், மறுபாதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகுவதிலும் இருக்க வேண்டும் என்று வகுக்கப்பட்டது. அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுப் பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் கடுமையாக எதிர்த்தார்கள். 1954-ல் காமராசர் முதலமைச்சரான பின் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பின் உட்கருத்து இயல்திறனைப் பற்றிய சரியான புரிதல் என்று நான் கருதுகிறேன். இயல்திறன் ஆளுக்கு ஆள் வேறுபடுவது. அது சாதிக்குச் சாதி, குடும்பத்துக்குக் குடும்பம் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டதன்று. வெண்பாவில் ‘எல்லார்க்கும் ஒவ்வொன்று’ என்றுதான் இருக்கிறது. ஒரு குயவரின் மகளுக்குக் கணிதம் எளிதாக இருக்கலாம்; ஒரு கணிதப் பேராசிரியரின் மகனுக்கு மண் எளிதாக இருக்கலாம். இருவருக்கும் பல வேலைகளைத் தொட்டுப் பார்க்க வாய்ப்பு இருந்தால்தான் அது வெளியே தெரியும்.

திறன் ஒன்று, தொழில் பல என்பதையும் தொடக்கநிலையில் உள்ளவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்ததும் ‘எந்தக் குரூப்?’ என்று கேட்கிறோம்; அந்தக் கேள்விக்கு நான்கைந்து விடைகள்தான் உண்டு. இயல்திறனோ எந்தத் தொழிலின் பெயரையும் தாங்கி வருவதில்லை. தண்ணீர் டிரம்மை நகர்த்திய பெண்ணின் திறன், கூட்டமும் பொருளும் நகரும் வழியை மனக்கண்ணில் காண்பது. அது மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் பயன்படும். சரக்குக் கிடங்கில், ரயில் நிலையத்தில், கல்யாணச் சமையல் ஒப்பந்தத்தில், வெள்ள நிவாரண முகாமில் பயன்படும். இதில் எது என்பதைச் சம்பளமும் ஊரும் குடும்பச் சூழலும் முடிவு செய்யட்டும். ‘இதனை இதனால் இவன்முடிக்கும்’ என்று ஆராய்ந்து அதனை அவனிடம் விட வேண்டும் என்ற குறள் ஆட்சி செய்பவர்களுக்குச் சொல்லப்பட்டது. தன் வாழ்க்கையை ஆள்பவரும் அதைத் தம்மிடம் கேட்டுக்கொள்ளலாம்.

தன் இயல்திறனைத் தாமே காண்பது கடினம் என்றால், எங்கிருந்து தொடங்குவது? என் மாணவர்களுக்கு நான் சொல்லும் வழி மிக எளியது. எவற்றில் உள்ள பிழை உங்கள் கண்ணை உறுத்துகிறது என்று முதலில் கவனியுங்கள். தையல் கைவந்தவருக்குப் பேருந்தில் முன்னால் நிற்பவரின் சட்டைத் தோள் கோணியிருப்பது தெரியும். மற்றவர்களுக்கு அது வெறும் சட்டை. மொழித் திறன் உள்ளவருக்குக் கடைப் பலகையில் விடுபட்ட ஒற்று உறுத்தும். பிழை தெரிகிறது என்றால் சரியான வடிவம் உள்ளே எங்கோ இருக்கிறது.

அடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் ஒவ்வோர் இரவும் ஒரு வரி எழுதுங்கள்: இன்று யார், எதற்காக என்னைத் தேடி வந்தார்? எனக்கு எதில் திறமை என்று என்னை நானே கேட்டால் ஆசையும் கூச்சமும் கலந்த விடைதான் வரும். அக்கம்பக்கத்தார் அப்படி இல்லை. தங்கள் வேலை எங்கே முடியும் என்று பார்த்து அங்கே வருகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்ப வரும் வேலை எது என்பதைக் கண்டபின், அதையே கொஞ்சம் கடினமான அளவில், வாரத்துக்கு ஒருமுறையாவது செய்து பாருங்கள். முடிந்தபின் வரும் களைப்பு எப்படி இருக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். உடம்பு ஓய்ந்தும் மனம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் களைப்பு ஒன்று உண்டு. வேலையிலிருந்து தப்பித்து வந்தாற்போன்ற களைப்பு இன்னொன்று. அனுபவித்தவருக்கு இந்த வேறுபாடு உடனே விளங்கும்.

அந்த மாணவியையும் எழுதச் சொன்னேன். முதல் வாரம் ‘ஒன்றும் இல்லை சார்’ என்று வெறும் நோட்டைக் காட்டினாள். இரண்டாம் வாரத்தில் மூன்று வரிகள் இருந்தன. எதிர்வீட்டு அக்கா வளைகாப்புக்கு எத்தனை இலை போட வேண்டும், எத்தனை பந்தி என்று கேட்டு வந்திருந்தார். தெருக்குழாயில் குடம் வைக்கும் முறையில் தகராறு வந்தபோது அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா சைக்கிள் கடையில் உதிரிச் சாமான்களை எந்தத் தட்டில் எதை வைப்பது என்று மாற்றித் தரச் சொல்லியிருந்தார். மூன்று வரிகளையும் படித்துவிட்டு, அன்று மாலை அவற்றை அம்மாவிடம் வாசித்துக் காட்டும்படி அவளிடம் சொன்னேன்.